டவுன்டவுன் நடைபாதையில் படுப்பது குற்றமா? கிராண்ட்ஸ் பாஸ் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்க நகரச் சட்டங்கள்

தெருவிளக்கு:
2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, "இனி தெருவில் தூங்குபவரைத் தூக்கி உள்ளே போடலாம்" என்று ஒரு சாரார் பதறுகிறார்கள். "அப்பாடா, டவுன்டவுன் சுத்தமாகிவிடும்" என்று இன்னொரு சாரார் கொண்டாடுகிறார்கள். தீர்ப்பைப் படித்தவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு என்று தோன்றுகிறது.

ஒரு வேண்டுகோள். கருணை வேண்டும், ஒழுங்கு வேண்டும் இரண்டையும் எல்லாரும் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். இந்த இழையில் பிரிவு, மணி, அடி, டாலர் என்று பேசுங்கள். ஒரு நகரம் இன்று முகாம் தடைச் சட்டம் எழுத உட்கார்ந்தால் எந்த வரியில் சிக்கும்? அமலில் எங்கே சறுக்கும்?

சட்டப்புளி:
முதலில் தீர்ப்பு. 6–3 பெரும்பான்மை, எழுதியவர் நீதிபதி கோர்சச். கேள்வி ஒன்றே ஒன்று: தங்க இடம் இல்லாதவருக்கு வெளியில் தூங்கியதற்காக அபராதமோ சிறையோ விதித்தால் அது அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாம் திருத்தம் தடுக்கும் "கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை" ஆகுமா? ஆகாது என்றார்கள். அந்தத் திருத்தம் தண்டனையின் வகையைப் பற்றியது, எதைக் குற்றமாக்கலாம் என்பதைப் பற்றியதல்ல என்பது வாதம்.

ஆனால் 1962 ராபின்சன் தீர்ப்பை அவர்கள் தள்ளவில்லை. ஒருவரின் நிலையைக் குற்றமாக்க முடியாது, செயலை ஆக்கலாம் என்ற கோடு அப்படியே நிற்கிறது. வீடில்லாமல் இருப்பது நிலை, பூங்காவில் போர்வை விரிப்பது செயல் என்று பிரித்தார்கள். வேறு வழியே இல்லாதவருக்கு இந்தப் பிரிப்பு வெறும் சொல் விளையாட்டு என்பதுதான் நீதிபதி சோட்டோமயோர் எழுதிய எதிர்த் தீர்ப்பின் சாரம்.

போனது என்ன? 2018 மார்ட்டின் எதிர் பாய்ஸி நகரம் வழக்கின் தீர்ப்பு. படுக்கை கொடுக்க வழியில்லாத இரவில் வெளியே தூங்கியதற்குத் தண்டிக்காதே என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்பது மேற்கு மாநிலங்களுக்குச் சொன்னது. அது போய்விட்டது.

போகாதவை: பொருளைப் பறிக்கும்போது பொருந்தும் நான்காம், பதினான்காம் திருத்தங்கள். மிகை அபராதத் தடை. தெளிவில்லாத சட்டம் செல்லாது என்ற கொள்கை. மாற்றுத்திறனாளிகள் சட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக மாநிலச் சட்டம்.

கடைசியில் சொன்னதற்குச் சாட்சி கிராண்ட்ஸ் பாஸ் நகரமேதான். ஓரிகன் 2021இல் எச்.பி. 3115 என்று ஒரு சட்டம் போட்டது, 2023 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொது இடத்தில் உட்காருவது, படுப்பது, தூங்குவது, குளிருக்கும் மழைக்கும் ஒதுங்குவது ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் எந்த நகர விதியும் நேரம், இடம், முறை மூன்றிலும் நியாயமாக இருக்க வேண்டும். அந்த நியாயம் வீடற்றவர் நிலையிலிருந்து பார்க்கப்பட வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த அதே நகரத்தை 2025 மார்ச்சில் உள்ளூர் நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்தி வைத்தது. தலைநகர் வாஷிங்டனில் வென்று வீட்டு வாசலில் தடுக்கி விழுந்த கதை.

கடைவீதி:
சார், சட்ட விளக்கம் சரி. ஆனால் மார்ட்டின் தீர்ப்பு இருந்த ஆறு வருஷம் மேற்குக் கரை நகரங்களில் என்ன ஆச்சு என்பதையும் எழுதுங்கள். "படுக்கை இருக்கிறதா" என்று ஒவ்வொரு ராத்திரியும் நகரம் எண்ணிக் காட்ட வேண்டும் என்றதும், பல நகர வழக்கறிஞர்கள் எதற்கு வம்பு என்று எதையும் அமல்படுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டார்கள். கடை வாசலில் ஊசி, தீயணைப்புக் குழாயை ஒட்டி டென்ட், ஷட்டரைத் திறக்கவே முடியாத காலை. அந்தக் கடையில் வேலை பார்ப்பவரும் கூலிக்காரர்தான். ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கப் பயப்படும் பெண்ணும் அந்த நடைபாதைக்குச் சொந்தக்காரர்தான்.

ஓட்டுப் போட்டவர்களைக் கேட்டால் பதில் ஒரே மாதிரிதான். டென்வரில் 2019இல் முகாம் தடையை நீக்கும் தீர்மானத்தை 80 சதவீதத்துக்கு மேல் எதிர்த்துத் தோற்கடித்தார்கள். ஆஸ்டினில் 2019இல் கவுன்சில் தடையைத் தளர்த்தியது, 2021 மே மாதம் மக்களே வாக்களித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டும் முற்போக்கு நகரம் என்று பேர் வாங்கியவை.

வெளிப்பணி:
கடைவீதி அண்ணே, பயம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. அபராத டிக்கெட் அந்தப் பயத்தைப் போக்குமா என்பதுதான் பேச்சு. வழக்கு நடந்தபோது கிராண்ட்ஸ் பாஸில் இருந்த விதிக் கணக்கையே எடுத்துப் பாருங்கள்.

அப்போது முகாம் போட்டதற்கு அபராதம் 295 டாலர். கட்டாவிட்டால் 537.60. ஒரு வருடத்தில் இரண்டு முறை பூங்கா விதி மீறினால் 30 நாள் பூங்காவுக்குள் நுழையத் தடை. தடை இருக்கும்போது உள்ளே வந்தால் அத்துமீறல் குற்றம்: 30 நாள் வரை சிறை, 1,250 டாலர் வரை அபராதம். "முகாம்" என்றால் டென்ட் என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டத்தில் படுக்கையாகப் பயன்படும் எந்தப் பொருளும் முகாம்தான். குளிருக்குப் போர்த்திய போர்வையும் அதில் வந்துவிடும்.

அடுத்தது பணத்தைவிட மோசமானது. நீதிமன்றத் தேதி எழுதிய தாள் நனைந்து கிழிந்துவிடும், இல்லையென்றால் இடம் காலி செய்யும் நாளில் மற்ற பொருளோடு போய்விடும். ஆள் ஆஜராகவில்லை என்றால் பிடிவாரண்ட். வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பின்னணிச் சோதனையில் அந்த வாரண்ட் எட்டிப் பார்க்கும். ஆக, நடைபாதையை விட்டுப் போ என்று கொடுத்த டிக்கெட்டே நடைபாதையை விட்டுப் போகும் கதவைச் சாத்துகிறது.

ஆஜரானாலும் கையில் காசு இல்லை. 1983 பேர்டன் தீர்ப்புப்படி, கட்ட முடியாமல்தான் கட்டவில்லையா, வேண்டுமென்றே கட்டவில்லையா என்று விசாரிக்காமல் அபராதப் பாக்கிக்காக உள்ளே தள்ள முடியாது. போலீஸ் நேரம், கிளார்க் நேரம், அரசு வக்கீல் நேரம் எல்லாம் போய் வசூல் பூஜ்யம்.

சக்கரம்:
இரண்டு பேரும் அளவுகோலை எடுக்காமலே நடைபாதையைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

கூட்டாட்சி அணுகல் தர அளவுகளில் தடையற்ற வழிக்குக் குறைந்தபட்ச அகலம் 36 அங்குலம். பொதுத் தெருக்களுக்கென்று அணுகல் வாரியம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டு விதியில் அது 48 அங்குலம். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 60 அங்குலம் வேண்டும். டவுன்டவுனில் நடைபாதை 10 அடி என்று பேர்தான். விளக்குக் கம்பம், மரக்குழி, பார்க்கிங் மீட்டர், குப்பைத்தொட்டி எல்லாம் கழித்தால் 5, 6 அடிதான் மிஞ்சும். அதில் இரண்டு பேர் படுக்கும் டென்ட்டைக் குறுக்கே போட்டால் வழி அடைந்துவிடும். சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒருவர் வெறும் தூக்கப்பையில் படுத்தால் 36 அங்குலம் மிஞ்சலாம்.

இதனால்தான் போர்ட்லண்டில் மாற்றுத்திறனாளிகளே நகரத்தின் மீது 2022இல் வழக்குப் போட்டார்கள். 2023 சமரசப்படி, நகரம் அகற்றும் முகாம்களில் குறைந்தது 40 சதவீதம் நடைபாதையை மறிப்பவையாக இருக்க வேண்டும். அங்கே அளவுகோல் வழி அடைபட்டதா இல்லையா என்பதுதான். யார் படுத்திருக்கிறார்கள் என்பதல்ல.

அந்த நாற்காலியில் இருப்பவர் வீடற்றவராகவும் இருக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தெருவில் இருப்பவர்களில் நடக்கச் சிரமப்படுபவர்கள் ஏராளம். "இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நகரு" என்ற உத்தரவு அவர்களுக்கு எந்த விதத்தில் நியாயமான ஏற்பாடு?

தெருவிளக்கு:
அளவு என்று வந்துவிட்டதால்: லாஸ் ஏஞ்சலஸ் 41.18 பிரிவு இந்தப் பாணியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தீயணைப்புக் குழாயிலிருந்து 2 அடி, கட்டட வாசலிலிருந்து 5 அடி, வண்டி நுழையும் பாதையிலிருந்து 10 அடி. இது நல்ல மாதிரியா?

சட்டப்புளி:
அந்தப் பகுதி மட்டும் நல்ல மாதிரி. டேப் வைத்து அளந்துவிடலாம், அதிகாரியின் மனநிலைக்கு வேலையில்லை. அதே பிரிவில் பள்ளி, குழந்தைகள் காப்பகத்தைச் சுற்றி 500 அடி என்று 2022இல் சேர்த்தார்கள். அங்கேதான் கோணல். 500 அடி ஆரத்தில் வட்டம் போட்டு நகர வரைபடத்தில் வையுங்கள். அடர்ந்த பகுதியில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சட்டப்படி படுக்க மிஞ்சுவது ரயில் பாதை ஓரமும் நெடுஞ்சாலைச் சரிவும்தான். சட்டம் எழுதுபவர் வாக்கெடுப்புக்கு முன்பு அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தடை செய்த இடத்தைக் காட்டும் வரைபடம் தானாக வந்துவிடும். மிச்ச இடத்தைக் காட்டும் வரைபடத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நேர வரம்பு இன்னொரு பழைய வழி. சியாட்டில் 1993இல் வணிகப் பகுதி நடைபாதையில் காலை 7 முதல் இரவு 9 வரை உட்காரவோ படுக்கவோ கூடாது என்றது. 1996இல் ஒன்பதாம் வட்டாரம் அதைச் செல்லும் என்றது. லாஸ் ஏஞ்சலஸில் 2007 சமரசம் நேர்மாறு: இரவு 9 முதல் காலை 6 வரை தூங்க விடு, ஆதரவுச் சேவையோடு கூடிய 1,250 நிரந்தர வீடுகள் கட்டி முடிக்கும்வரை இது தொடரும் என்றார்கள். பகலில் வழி கடைக்கு, இரவில் இடம் தூக்கத்துக்கு. அழகான ஏற்பாடு இல்லைதான், ஆனால் இரண்டு தரப்புக்கும் மணி தெரியும்.

சொல் தெளிவில்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நகரம்தான் உதாரணம். வண்டியை "வசிப்பிடமாக" பயன்படுத்தக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பின் இருக்கையில் தூக்கப்பை இருந்தால் வசிப்பா? சாப்பாட்டு டப்பா இருந்தால்? 2014இல் ஒன்பதாம் வட்டாரம் அதைத் தெளிவற்றது என்று தூக்கி எறிந்தது.

வெளிப்பணி:
சட்டத்தின் வரியைவிட அமல் செய்யும் காலைப்பொழுதுதான் பெரிய ஓட்டை. இடம் காலி செய்யும் நாளை நிமிடம் நிமிடமாகப் பார்க்கலாம்.

அறிவிப்புத் தாளை மூன்று நாள் முன்னால் ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஓரிகனில் 72 மணி நேரம் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது). கம்பத்தில் ஒட்டுவார்கள், டென்ட்டில் ஒட்டமாட்டார்கள். தேதி இருக்கும், மணி இருக்காது. குறித்த நாளில் வராமல் இரண்டு நாள் கழித்து வருவார்கள். அதற்குள் பாதிப் பேர் புரளி என்று நினைத்து மூட்டையை அவிழ்த்திருப்பார்கள்.

லாரி வந்ததும் பொருளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: குப்பை, ஆபத்தானது, சேமிக்க வேண்டியது. தவறு நடப்பது இரண்டாவதில். போர்வை ஈரமாக இருந்தால் "தொற்று அபாயம்" என்று எழுதி, அதில் சுருட்டி வைத்த எல்லாவற்றையும் நசுக்கும் லாரியில் போட்டுவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கும்? இன்சுலின், மனநல மாத்திரை, கண்ணாடி, பல்செட், பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு அட்டை.

அந்த அட்டைகளுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், வீட்டு உதவிப் பட்டியலில் பெயர் மேலே வந்தாலும் அடையாள ஆவணம் இல்லாமல் சாவி கிடைக்காது. புகைப்பட அட்டை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்கப் புகைப்பட அட்டை கேட்பார்கள். ஒரு காலைப்பொழுதில் தொலைத்ததை மறுபடி சேர்க்க வாரக் கணக்கு, சில நேரம் மாதக் கணக்கு. பதில் வரும்போது ஆள் அங்கே இருக்கமாட்டார். அவரைத் தேடிப் பிடிக்கவே சமூகப் பணியாளருக்குப் பாதி வேலை.

சேமித்த பொருளும் அப்படித்தான். கிடங்கு ஊருக்கு வெளியே, திறப்பது வேலை நாளில் மட்டும். எடுக்க அடையாள அட்டை வேண்டும். அந்த அட்டை பைக்குள்ளே. சிரிக்காதீர்கள்.

சட்டப்புளி:
வெளிப்பணி சொன்னதற்குச் சட்ட அடிப்படை லாஸ் ஏஞ்சலஸ் மீதான 2012 லவான் தீர்ப்பு. நடைபாதையில் விட்டுச் சென்ற பொருள் என்றாலும் கைவிடப்பட்டது என்று தெரியாதவரை நகரம் எடுத்து உடனே அழிக்க முடியாது. கிராண்ட்ஸ் பாஸ் இதைத் தொடவே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பிறகு 60 கேலன் கொள்ளளவுக்கு மேல் பொருள் வைக்கக் கூடாது, பெரிய சாமான் என்றால் உடனே எடுத்து அழிப்போம் என்று விதி போட்டது. பெரிய சாமான் அழிப்பை 2021இல் நீதிமன்றம் நிறுத்தியது. அளவு பெரியது என்ற ஒரே காரணத்துக்காக அழிக்க முடியாது.

வண்டியில் வசிப்பவர்களுக்கு வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது முக்கியம். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தியதற்காகச் சியாட்டில் ஒருவரின் டிரக்கை இழுத்துச் சென்று 547.12 டாலர் கேட்டது. அவர் வசித்ததே அந்த டிரக்கில். அவருடைய வருமானத்துக்கு அது மிகை அபராதம் என்றார்கள். கட்டும் சக்தியைப் பார்க்காமல் தொகை வைக்கும் எந்த நகரமும் இதைப் படித்துவிட்டு எழுதட்டும்.

கடைவீதி:
பொருளை அழிப்பது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். போட்டோ எடுத்து, டேக் போட்டு, எண்ணை ஆள் கையில் கொடுத்துவிட்டு எடுக்கட்டும். அதற்குப் பட்ஜெட் வைத்தால் வணிகர்கள் யாரும் எதிர்க்கப் போவதில்லை.

ஆனால் படுக்கை கொடுத்தும் வேண்டாம் என்பவரை என்ன செய்வது? இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. சான் ஹோசே 2025இல் ஒரு வழி வைத்தது: ஷெல்டரை (வீடற்றோர் தங்குமிடத்தை) மூன்று முறை மறுத்தால் கைது செய்யலாம். இதில் என்ன தப்பு?

வெளிப்பணி:
"கொடுத்தோம்" என்ற சொல்லைத் திறந்து பாருங்கள் அண்ணே. பாய்ஸி வழக்கில் ஒரு ஷெல்டரின் விதி வெளியே வந்தது: ஆண்களுக்குத் தொடர்ந்து 17 இரவு. அதற்குமேல் மத வகுப்பில் சேராவிட்டால் 30 நாள் வெளியே. காகிதத்தில் படுக்கை காலி. அதில் படுக்க ஒரு மதத்தை ஏற்க வேண்டும்.

மற்ற நகரங்களில் மதம் இல்லாவிட்டாலும் வேறு தடை இருக்கும். கணவன் மனைவி தனித்தனிக் கட்டடம். நாய் கூடாது. இரண்டு பைக்கு மேல் கூடாது. மாலை 4 மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதனால் சாயங்கால ஷிப்ட் வேலைக்காரர் வேலையை விட வேண்டும். காலை 6 மணிக்கு வெளியே. மேல்படுக்கை மட்டும் காலி, முட்டி போன 60 வயதுக்காரர் எப்படி ஏறுவார்?

போலீஸ்காரர் "வர்றியா" என்று கேட்டார், அவர் "மாட்டேன்" என்றார், ஒரு மறுப்பு என்று பதிவாகும். எந்தப் படுக்கை, எந்தக் கட்டடம், எத்தனை இரவு, நாய்க்கு இடம் உண்டா எதுவும் அந்தப் பதிவில் இல்லை. மூன்று மறுப்பு ஒரே வாரத்தில் சேர்ந்துவிடும்.

சக்கரம்:
மூன்று மறுப்பு விதியை எழுதியே ஆக வேண்டும் என்றால் மறுப்புப் படிவத்தில் ஐந்து கட்டமாவது இருக்கட்டும். ஷெல்டர் பெயரும் படுக்கை எண்ணும். அந்த நேரத்தில் ஷெல்டரோடு பேசி உறுதி செய்த நேரம். போக வண்டி இருந்ததா. சரிவுப்பாதை, கீழ்ப்படுக்கை, மருந்துக்கு குளிர்பெட்டி உண்டா. மறுத்ததற்கு அவர் சொன்ன காரணம், அவர் சொன்ன வார்த்தையிலேயே. கடைசிக் கட்டத்தை மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். "நாய்" என்று முப்பது தடவை வந்தால் நகரத்துக்குத் தேவை நாய்க்கூண்டு. கைவிலங்கு அல்ல.

கடைவீதி:
படிவம் நல்ல யோசனை. இதை நான் எதிர்க்கவில்லை.

ஓரக்கண்:
எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். கழிப்பறை? டவுன்டவுன் புகாரில் பாதி மலஜலம் பற்றியது. பூட்டிய கழிப்பறையைச் சுற்றி "சிறுநீர் கழித்தால் அபராதம்" என்று பலகை வைக்கும் ஊர்கள் உண்டு.

வெளிப்பணி:
சான் டியேகோவை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2016 கடைசியில் தொடங்கிய ஹெபடைடிஸ் ஏ பரவலில் 592 பேருக்கு நோய், 20 பேர் மரணம். பெரும்பாலும் தெருவில் இருந்தவர்களும் போதைப் பழக்கம் உள்ளவர்களும். மலத்தின் வழியாகக் கைக்கும் வாய்க்கும் போகும் கிருமி இது. கை கழுவத் தண்ணீரும் இரவில் திறந்த கழிப்பறையும் இல்லாத இடத்தில் பரவாமல் என்ன செய்யும்? 2017இல் அவசரநிலை அறிவித்த பிறகுதான் தெருவில் கை கழுவும் தொட்டி வைத்தார்கள், பிளீச்சிங் கலவை தெளித்தார்கள்.

கழிப்பறை வைத்தால் போதைக்கும் மற்றதற்கும் பயன்படும் என்பது உண்மையான சிக்கல்தான். இரண்டு தீர்வு நடைமுறையில் இருக்கிறது. ஒன்று, போர்ட்லண்ட் லூ என்ற கழிப்பறை மாதிரி: மேலும் கீழும் சாய்ந்த தகடு, உள்ளே கால் தெரியும், குரல் கேட்கும், கை கழுவுமிடம் வெளியே, அதனால் யாரும் உள்ளே நெடுநேரம் தங்கமாட்டார்கள். இன்னொன்று, சான் பிரான்சிஸ்கோ 2014இல் டெண்டர்லாயின் பகுதியில் தொடங்கிய பிட் ஸ்டாப்: ஆள் நிற்கும் கழிப்பறை. ஆள் இருந்தால் வேலை செய்யும், சம்பளம் நின்றால் ஒரு மாதத்தில் பூட்டு விழும்.

ஓரக்கண்:
பிச்சை எடுப்பதைத் தடுக்க முடியாதா?

சட்டப்புளி:
கேட்பது பேச்சு, அதனால் பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் குறுக்கே வரும். 2015 ரீட் எதிர் கில்பர்ட் தீர்ப்புக்குப் பிறகு "காசு கேட்காதே" என்று உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுக்கும் நகர விதிகள் வரிசையாக விழுந்தன. பின்தொடர்வது, மறிப்பது, தொடுவது ஆகியவற்றை யார் செய்தாலும் தடுக்கலாம், அதற்குப் பெரும்பாலும் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. வேறு இழை தொடங்குங்கள்.

தெருவிளக்கு:
இரண்டு மாநிலங்கள் நகரத்தின் கையைக் கட்டுகின்றன. டெக்சஸ் 2021 சட்டத்தில் பொது இடத்தில் முகாம் போட்டால் 500 டாலர் வரை அபராதம், நகரம் அமல் செய்யாமல் இருக்கவும் முடியாது. புளோரிடா சட்டம் 2024 அக்டோபரில் வந்தது. 2025 ஜனவரியிலிருந்து, முகாமை விட்டுவைத்த நகரத்தின் மீது அங்கே குடியிருப்பவரோ வணிகரோ வழக்குப் போடலாம், அதற்கு முன் 5 வேலை நாள் எழுத்து மூல அவகாசம். மாவட்டம் வேண்டுமானால் ஓர் இடத்தை ஒதுக்கலாம், அதிகபட்சம் ஒரு வருடம். தண்ணீர், கழிப்பறை, பாதுகாப்பு, மனநலச் சேவை எல்லாம் இருக்க வேண்டும்.

கடைவீதி:
ஹூஸ்டன் டெக்சஸில்தானே இருக்கிறது? அங்கே முகாம் தடையும் இருக்கிறது, 2011இலிருந்து வீடற்றோர் எண்ணிக்கையையும் 60 சதவீதத்துக்கு மேல் குறைத்தார்களே. ஆக தடை இருந்தாலும் முடியும்.

வெளிப்பணி:
முடியும். அங்கே வேலை நடந்த வரிசையைப் பாருங்கள். ஒரு முகாமை மூடுவதென்றால் முதலில் அங்கே இருப்பவர்களைப் பெயர் பெயராகப் பட்டியல் எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஆவணம் தயார் செய்வார்கள், வீடோ இடைக்கால அறையோ கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். வாரக் கணக்கில் இது நடக்கும். ஆள் குடியேறிய பிறகுதான் இடத்தைச் சுத்தம் செய்து வேலி போடுவார்கள். லாரி கடைசியில் வருகிறது, பல நகரங்களில் லாரிதான் முதலில் வருகிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஹூஸ்டனில் காலி வீடு நிறைய, வாடகை கலிபோர்னியாவைவிட வெகு குறைவு. அதே வரிசையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்தால் மூன்றாவது படியில் வீடு கிடைக்காமல் நிற்கும்.

தெருவிளக்கு:
சரி, இதுவரை பேசியதை வைத்து முதல் வரைவு வரி ஒன்று: "தடையற்ற நடைபாதை அகலம் 48 அங்குலத்துக்குக் குறையும்படி, காலை 7 முதல் இரவு 9 வரை, எவரும் படுக்கவோ பொருள் வைக்கவோ கூடாது. 72 மணி நேர எழுத்து மூல அறிவிப்புக்குப் பிறகே பொருள் அகற்றப்படும்." எங்கே ஓட்டை?

சட்டப்புளி:
"பொருள் வைக்கவோ" என்பது ஹோட்டல் வாசல் மேசைக்கும் பொருந்தும். பொருந்தட்டும், அதை விலக்க ஆரம்பித்தால்தான் பாரபட்ச வழக்கு வரும். இரண்டாவது வாக்கியத்தில் சிக்கல்: தீயணைப்புக் குழாய் முன்னால் இருந்தாலும் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டுமா? உடனடி ஆபத்துக்கு விலக்கு எழுதுங்கள். "ஆபத்து" என்பதைப் பட்டியலாக எழுதுங்கள், அதிகாரியின் கருத்துக்கு விடாதீர்கள்.

சக்கரம்:
அந்தப் பட்டியலில் ஈரம் வரக் கூடாது.

வெளிப்பணி:
அறிவிப்பில் மணியும், கிடங்கின் முகவரியும், அங்கே போகும் பஸ் எண்ணும் இருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாவிட்டாலும் டேக் எண்ணைச் சொன்னால் பை கொடுக்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள்.

கடைவீதி:
டேக் எண்ணைத் தொலைத்துவிட்டால்?

வெளிப்பணி:
பையில் என்ன இருக்கிறது என்று மூன்று பொருளைச் சரியாகச் சொல்லட்டும். எடுக்கும்போது போட்டோ எடுத்திருந்தால் ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.